பங்குனிப் பூவுக்குக் கார்த்திகைக் கவாத்து

குண்டுமல்லி பழைய கிளையில் பூக்காது. புதிதாக விட்ட தளிரின் நுனியில்தான், பெரும்பாலும் மூன்று மூன்றாக, மொக்கு கட்டும். எத்தனை புதுத் தளிரோ அத்தனை பூங்கொத்து. வெட்ட மனம் வராமல் விட்ட செடி ஆளுயரம் கொடியோடி, உச்சியில் நாலு பூ காட்டிவிட்டு நின்றுவிடும். அதனால் பங்குனி, சித்திரையில் கூடை நிறையப் பூப் பறிக்க நினைப்பவர் கத்தரியைக் கார்த்திகையிலேயே எடுத்துக் கவாத்து செய்தாக வேண்டும், அதாவது கிளைகளை வெட்டிவிட வேண்டும்.

வெட்டினால் ஏன் துளிர்க்கிறது? ஒவ்வொரு இலைக்காம்பின் கக்கத்திலும் ஒரு சிறு மொட்டு உறங்கிக் கிடக்கிறது. கிளை நுனியில் உருவாகும் ஆக்சின் என்ற ஹார்மோன் தண்டு வழியே கீழிறங்கி அதை எழவிடாமல் வைத்திருக்கிறது. தீமன், ஸ்கூக் என்ற இரு ஆய்வாளர்கள் 1933இல் ஒரு அவரை வகைச் செடியின் நுனியைக் கிள்ளிவிட்டு, வெட்டுவாயில் ஆக்சினை வைத்துப் பார்த்தார்கள். நுனி இல்லாதபோதும் பக்க மொட்டுகள் அடங்கியே இருந்தன. 2014இல் பட்டாணிச் செடியில் நடந்த ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது: நுனியை வெட்டியதும், அங்கே போய்க்கொண்டிருந்த சர்க்கரை பக்க மொட்டுகளுக்குத் திரும்புகிறது. ஆக்சின் குறையும் முன்பே அவை வளரத் தொடங்கிவிடுகின்றன. ஆக, துளிர் எழுவதற்குத் தண்டிலும் வேரிலும் உணவு சேர்ந்திருக்க வேண்டும். வாடி நோஞ்சானாக நிற்கும் செடியை ஒட்ட வெட்டினால் அது துளிர்க்காமலே போகலாம். அதை முதலில் தேற்றிவிட்டு, அந்த ஆண்டு நுனியை மட்டும் கிள்ளுவதே சரி.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி, குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம், ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி வாரம், முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம் கவாத்துக்கு ஏற்ற காலம். மழை விடாத ஊர்களில் நாலு நாள் வெயில் தொடர்ந்து அடிக்கும்வரை பொறுங்கள். ஈரத்தில் வெட்டினால் வெட்டுவாய் வழியே பூஞ்சணம் இறங்கி, கிளை நுனியிலிருந்து கருகிக்கொண்டே வரும்.

வெட்டுவதற்குச் சில நாள் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். பிறகு தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில், கணுவுக்குச் சற்று மேலே, சாய்வாக ஒரே வெட்டு. கத்தரி மழுங்கியிருந்தால் தண்டு நசுங்கி வெட்டுவாய் ஆறாது. காய்ந்தவை, நோய் கண்டவை, நடுவில் ஒன்றோடொன்று உரசுபவை எல்லாவற்றையும் அடியோடு எடுத்துவிட்டு, மிஞ்சிய இலைகளையும் உருவிவிடுங்கள். தரையில் நிற்கும் வளர்ந்த செடிக்கு, தூரிலிருந்து ஓரடி தள்ளி மண்ணைக் கொத்தி, 10 கிலோ மக்கிய தொழு உரமும், 65 கிராம் யூரியா, 375 கிராம் சூப்பர் பாஸ்பேட், 100 கிராம் பொட்டாஷும் இட்டு மூடித் தண்ணீர் விட வேண்டும். இந்த ரசாயன உர அளவு ஆண்டுத் தேவையில் பாதி. மறுபாதி ஜூன், ஜூலையில். தொட்டிச் செடிக்கு இந்த அளவு ஆகவே ஆகாது. உப்பு சேர்ந்து வேர் கருகும். அதற்கு மண்புழு உரமே போதும்.

கார்த்திகையைத் தவறவிட்டவர்கள் மாசியில் ஒட்ட வெட்ட வேண்டாம். அப்போது வெட்டுவது மொக்கு கட்ட இருக்கும் தளிரைத்தான்.

மாசிக்குப் பின் வரும் தொல்லைகளில் பலரும் தவறாகக் கணிப்பது இலை மஞ்சளாவதை. நரம்பு பச்சையாக இருக்க, கொழுந்து இலை மட்டும் வெளுத்தால் அது இரும்புச்சத்துக் குறை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலும் போர்த் தண்ணீரிலும் அதிகம் வரும். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து மாலையில் இலைமேல் தெளித்தால் பச்சை திரும்பும். யூரியாவைக் கூட்டினால் திரும்பாது. இலை மட்டும் தழைத்துப் பூ குறையும்.

மொக்கில் ஓட்டையும் நூல் பின்னலும் தெரிந்தால் மொட்டுப்புழு. ஓட்டை இல்லாமல், மொக்கின் அடி வீங்கி, ஊதாநிறம் ஏறி உதிர்ந்தால் உள்ளே இருப்பது ஒரு நுண்ணிய ஈயின் புழு. அது மண்ணில் இறங்கித்தான் கூட்டுப்புழுவாகும் என்பதால், உதிர்ந்ததைப் பொறுக்கி அழித்து, தூரைச் சுற்றி மண்ணைக் கிளறிவிடுவது மருந்தைவிட நன்றாகக் கேட்கும். மொட்டுப்புழுவுக்கு லிட்டருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஊறவைத்து வடிகட்டித் தெளிக்கலாம். சித்திரை வெயிலில் இலையடியில் செம்பேன் ஏறும். இலையின் அடிப்பக்கம் நனையத் தண்ணீர் பீய்ச்சினாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஒரு சுற்றுப் பூ பறித்து முடிந்ததும், வெறுங்காம்பை அதன் கீழுள்ள இரண்டு ஜோடி இலையோடு சேர்த்துக் கிள்ளிவிடுங்கள். பக்க மொட்டை அடக்கிவைக்கும் அதே நுனித்தடை அங்கேயும் நீங்கி, அடுத்த கணுவிலிருந்து இரண்டு தளிர் கிளம்பும்.