ஆர், சி, எல்: மின்னணு உறுப்புகளின் எழுத்துகள் எங்கிருந்து வந்தன?

மின்சுற்றுப் பலகையில் ஒவ்வொரு உறுப்பின் அருகிலும் ஆர்12, சி3, க்யூ2, யு1 என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். எழுத்து அந்த உறுப்பின் வகையைச் சொல்கிறது, எண் அதன் வரிசையைச் சொல்கிறது. சுற்று வரைபடத்திலும் உதிரிப்பாகப் பட்டியலிலும் அதே பெயர்தான் இருக்கும். ஆங்கிலத்தில் இதை ரெஃபரன்ஸ் டெசிக்னேட்டர் என்கிறார்கள். தமிழில் சுட்டெழுத்து எனலாமா என்றால், இலக்கணத்தில் அந்தப் பெயர் ஏற்கெனவே அ, இ, உ-வுக்குப் போய்விட்டது. அதனால் 'உறுப்புச்சுட்டு' என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இந்த எழுத்துகளெல்லாம் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் என்று நினைப்பது இயல்பு. பாதிதான் சரி. ரெசிஸ்டருக்கு ஆர் என்பதில் புதிர் ஒன்றும் இல்லை. தமிழில் மட்டும் ஒரு கவனம் வேண்டும்: மின்தடை என்பது பண்பு, மின்தடையம் என்பது கையில் எடுக்கும் பொருள். இரண்டையும் கலந்து எழுதுவது பாடநூல்களிலேயே நடக்கிறது.

சி-யின் கதை சுவையானது. மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் கருவிக்கு 1782-இல் வோல்ட்டா வைத்த பெயர் கண்டென்சர் என்ற பொருளுடைய இத்தாலியச் சொல். பிறகு ஆங்கிலத்தில் கப்பாசிட்டர் என்ற பெயர் அதன் இடத்தைப் பிடித்தது. இரண்டுக்கும் முதலெழுத்து சி என்பதால் பெயர் மாறியும் குறி மாறவில்லை. பேச்சில் கண்டென்சர் இன்றும் உயிரோடு இருக்கிறது. நம் 'மின்தேக்கி' இவ்விரண்டையும் விட நல்ல சொல் என்பேன். அது அந்த உறுப்பு செய்யும் வேலையையே சொல்கிறது.

எல்-லில்தான் பலரும் நிற்பார்கள். கம்பிச்சுருளான இண்டக்டருக்கு ஏன் ஐ இல்லை? ஐ மின்னோட்டத்துக்குப் போய்விட்டது. ஆம்பியர் மின்னோட்டத்தின் செறிவைப் பிரெஞ்சில் 'இன்டென்சிட்டே' என்றதால் வந்த எழுத்து அது. எல் என்பது தூண்டல் விதி தந்த ஹைன்ரிக் லென்ஸின் நினைவாக வந்தது என்று பரவலாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இயற்பியலாளர் மேக்ஸ்வெல் 1865-இல் வெளியிட்ட மின்காந்தப்புலக் கட்டுரையில் அருகருகே உள்ள இரண்டு சுற்றுகளை எடுத்துக்கொள்கிறார். முதல் சுற்றின் தன்தூண்டலுக்கு (தன் மின்னோட்டம் மாறும்போது தன்னிலேயே மின்னழுத்தம் தூண்டப்படுவதற்கு) எல், இரண்டும் ஒன்றையொன்று தூண்டுவதற்கு எம், இரண்டாவது சுற்றின் தன்தூண்டலுக்கு என். அகரவரிசையில் அடுத்தடுத்த மூன்று எழுத்துகள், அவ்வளவுதான். பரிமாற்றுத் தூண்டலுக்கு இன்றும் எம் என்றே எழுதுகிறோம். அப்படியிருக்க, பக்கத்து எழுத்தான எல்-லுக்கு மட்டும் ஒருவர் பெயரைக் காரணமாக்குவானேன்? இந்தத் தூண்டலைக் குறிக்கும் இண்டக்டன்ஸ் என்ற சொல்லையே இயற்பியலாளர் ஹெவிசைட் 1880-களில்தான் உருவாக்கினார், எழுத்து அதற்கு மூத்தது. இந்த உறுப்புக்குத் தமிழில் மின்தூண்டி.

டிரான்சிஸ்டர் 1948-இல் பெல் ஆய்வகத்தின் ஜான் பியர்ஸ் வைத்த பெயர். இடமாற்றத்தையும் தடையையும் குறிக்கும் சொற்பகுதிகள் சேர்ந்தது. அதைப் பின்பற்றியே தமிழில் 'திரிதடையம்' வந்தது, ஆனாலும் டிரான்சிஸ்டர் என்று எழுதினால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. பலகையில் அதற்கு க்யூ, ஏனென்றால் அதன் முதலெழுத்து டிரான்ஸ்ஃபார்மருக்கு உரியது. மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சான ரிலேயும் இப்படித்தான், ஆர் கைக்கு எட்டாமல் கே-யோடு நிற்கிறது.

ஐ.சி. என்று நாம் சொல்லும் தொகுப்புச்சுற்றுக்கு யு. மின்பொறியாளர் அமைப்பான ஐ.இ.இ.இ. 1975-இல் வெளியிட்ட 315 தரம், பழுது பார்க்கக்கூடிய தொகுப்புகளுக்கு ஏ என்றும், பிரிக்க முடியாதவற்றுக்கு யு என்றும் வகுத்தது. உள்ளே ஆயிரக்கணக்கில் டிரான்சிஸ்டர்கள் இருந்தாலும் வெளியிலிருந்து ஒன்றையும் கழற்ற முடியாது என்பதால் ஐ.சி. இரண்டாம் வகையில் விழுந்தது.

சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையமான ஐ.இ.சி.-யின் 81346 தரம் வேறு வழியில் போகிறது. பெயரை விட்டுவிட்டு, உறுப்பு என்ன வேலை செய்கிறது என்று பார்க்கிறது. அதன் 2009 பதிப்பில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துபவை எல்லாம் ஆர், ஆகவே மின்தடையத்தோடு, ஒரு திசையில் மட்டும் மின்னோட்டத்தை விடும் டயோடும் மின்தூண்டியும் ஒரே எழுத்துக்குள் வந்துவிடுகின்றன. சேமித்து வைப்பவை சி. நம் 'தேக்கி' அங்கேயும் அப்படியே பொருந்துகிறது.

அப்புறம், பழுது பார்ப்பவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. மதிப்பு எழுதும்போது தசமப் புள்ளி அச்சில் மங்கிவிடும் என்பதால் அந்த இடத்தில் ஆர் போடுவது வழக்கம்: 4ஆர்7 என்றால் 4.7 ஓம். இதனால் ஆர்47 என்ற ஒரே குறிக்கு இரண்டு பொருள். பலகையின் மேல் அச்சிட்டிருந்தால் அது 47 என்ற எண் கொண்ட மின்தடையம். மின்தடையத்தின் முதுகிலேயே பொறித்திருந்தால் அதன் மதிப்பு 0.47 ஓம்.