கொலை வழக்கில் ரத்தத் துணி: குடும்பத்தார் ஏமாறும் இடங்கள்

வெட்டுப்பட்டவரை ஏற்காட்டிலிருந்து சேலம் அரசு மருத்துவமனைக்கு இறக்கிக்கொண்டு வருகிறார்கள். அவசரப் பிரிவில் சட்டையைக் கத்தரித்துச் சுருட்டி, கூட வந்தவர் கையில் கேரிபேக்கில் கொடுத்துவிடுகிறார்கள். ஆள் இறந்ததும் அது கொலை வழக்காகிறது. அந்தப் பையை யாரும் நினைப்பதில்லை. தீட்டு என்று எரித்தவர்கள் உண்டு. துவைத்து மடித்து வைத்தவர்களும் உண்டு.

துவைக்காதீர்கள், தைக்காதீர்கள். கத்தி இறங்கிய கிழிசலையும் உடலில் உள்ள காயத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பிளாஸ்டிக் பையில் ஈரத்துணி கெட்டுப்போகும். பிறகு ரத்த வகை தெரியாமல் போகலாம். காகிதத்தில் தனித்தனியாகச் சுற்றி உடனே போலீசிடம் கொடுங்கள். மலை ஈரத்தில் துணி காயவில்லையே என்று அடுப்போரம் தொங்கவிட வேண்டாம்.

கொடுக்கும்போதுதான் பெரிய கண்ணி. "வைத்துவிட்டுப் போங்கள், அப்புறம் எழுதிக்கொள்கிறோம்" என்பார்கள். மகஜர், அதாவது பொருளைக் கைப்பற்றியதை விவரித்துச் சாட்சிகளோடு எழுதும் பத்திரம், எழுதாமல் கொடுக்காதீர்கள். நிறம், கறை இருக்கும் இடம், தேதி, நேரம் எல்லாம் அதில் வரவேண்டும். வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவுப்படி, கைப்பற்றுவதை வீடியோ எடுக்க வேண்டும். எடுத்தார்களா என்று கேளுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

சந்தேக நபரின் துணியைக் கைப்பற்றும்போது கிராம நிர்வாக அலுவலரும் உதவியாளரும் சாட்சிக் கையெழுத்துப் போடுவது வழக்கம். அது நீதிமன்றம் வழியாகத் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போகும். சேலத்திலேயே வட்டார ஆய்வகம் இருக்கிறது. 'மனித ரத்தம்' என்று அறிக்கை வந்ததும் ஜெயித்துவிட்டதாக நினைக்காதீர்கள். இறந்தவருக்கும் பிடிபட்டவருக்கும் ஒரே ரத்த வகை என்றால், ரத்தம் யாருடையது என்பதை அந்த முடிவு காட்டாது. மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பும்படி தொடக்கத்திலேயே எழுத்தில் கேளுங்கள்.

அறிக்கை என்னவாயிற்று என்று கேட்டால் காவல் நிலையம் ஆய்வகத்தைக் காட்டும், ஆய்வகம் நீதிமன்றத்தைக் காட்டும், நீதிமன்ற அலுவலகம் மறுபடி காவல் நிலையத்தையே காட்டும். அலையாதீர்கள். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் உங்களிடம் சொல்வது போலீசின் கடமை. அதே சட்டத்தின் 193ஆம் பிரிவைக் குறிப்பிட்டு மனுக் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். குற்றப்பத்திரிகை நகல் வாரிசுக்கும் இலவசம்தான். ஆனால் வக்கீல் வைத்திருந்தால் மட்டுமே தருவார்கள். இந்த நிபந்தனையைத் தெரியாமல் வெறுங்கையோடு திரும்பியவர்கள் பலர். வசதியில்லை என்றால் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் கேளுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு கிடையாது. இவர்களிடம் வருமானச் சான்றிதழ் கேட்டுத் திருப்பி அனுப்பினால் நகராதீர்கள்.

நகல் கிடைத்ததும், துணியைக் கைப்பற்றிய தேதியையும் அது நீதிமன்றத்துக்கு வந்த தேதியையும் வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள். இடையில் பல நாள் போயிருந்தால், எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது அதைத்தான்.