ஃபில்டர்: வடிகட்டி

பிள்ளைகள் கையில் இணையம் வந்துவிட்ட வீடுகளில் அடிக்கடி காதில் விழும் சொல் இது. "வைஃபைல ஃபில்டர் போட்டாச்சா?" என்று பெற்றோர் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். ஆனால் ஃபில்டர் என்றதும் பாட்டிக்கு நினைவு வருவது காபி, அப்பாவுக்குக் குடிதண்ணீர், பதினொரு வயதுப் பெண்ணுக்கோ செல்ஃபியில் பூனைக்காது ஒட்டும் வசதி. பிள்ளைகளுக்கு ஆகாத தளங்களை வீட்டுக்குள் வரவிடாத ஏற்பாட்டைப் பற்றி அந்தப் பெண்ணிடம் பேச வேண்டும் என்றால், பொருள் குழம்பாத சொல் ஒன்று வேண்டும்.

சொல்லின் ஊரைப் பார்ப்போம். ஆங்கிலத்துக்கு இது பிரெஞ்சு வழியாக, இடைக்கால லத்தீனின் 'ஃபில்ட்ரும்' என்பதிலிருந்து வந்தது. ஃபில்ட்ரும் என்றால் ஃபெல்ட் துணி. தறியில் நெய்யாமல், ஆட்டுமயிரை நனைத்து அழுத்தி இறுக்கிச் செய்வது. நீர்மங்களை அந்தத் துணியில் ஊற்றிக் கசடு நீக்கினார்கள். துணியின் பெயர் நாளடைவில் வேலையின் பெயராயிற்று. பின்னர் ஒளியில் சில நிறங்களை மட்டும் விடும் கண்ணாடிக்கும், மின் சமிக்ஞையில் சில அலைவரிசைகளை மட்டும் விடும் சுற்றுக்கும் அதே பெயர் போனது. செல்ஃபி ஃபில்டர் கேமராக் கண்ணாடியின் வழிவந்தது. 1990களில் இணையம் வீடுகளுக்குள் நுழைந்தபோது, பக்கங்களைத் தரம்பிரிக்கும் மென்பொருளும் இந்தப் பெயரைப் பெற்றது. 2000இல் அமெரிக்கா இயற்றிய சிறார் இணையப் பாதுகாப்புச் சட்டம், குறிப்பிட்ட அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் நூலகங்களிலும் இத்தகைய ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியது. 2003இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் அச்சட்டம் செல்லும் என்றது.

தமிழில் 'வடிகட்டி' என்பதே இதற்குச் சரியான சொல். வெள்ளம் வடிகிறது, கஞ்சி வடிக்கிறோம். வடிகால், வடிதட்டு எல்லாம் இந்தக் குடும்பம்தான். வடி, கட்டு என்ற இரண்டும் சேர்ந்த சொல். பாத்திரத்தின் வாயில் துணியை வேடுகட்டிப் பாகு ஊற்றுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சேர்க்கை விளங்கும். மென்பொருள் தமிழாக்கங்களில் 'வடிப்பான்' என்றும் காணலாம். தவறில்லை, ஆனால் வீட்டில் யாரும் பேசாத சொல். சல்லடையும் அரிப்பும் மாவுக்கும் மணலுக்கும் உரியவை. 'தடுப்பான்' என்று சிலர் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். தடுப்பது இதன் பாதி வேலைதான். பாடத்துக்கும் விளையாட்டுக்கும் வேண்டியதை உள்ளே விடுவது மறுபாதி. 'தீயரண்' (ஃபயர்வால்) வேறொரு கருவி: கணினிக்குள் அத்துமீறி வரும் தொடர்புகளை நிறுத்துவது. கருவிக்கு இணைய வடிகட்டி, செயலுக்கு வடிகட்டல் என்று வைத்துக்கொள்ளலாம்.

வடிகட்டும் கருவிக்குப் பழைய பெயர் ஒன்றும் உண்டு. நன்னூல் மாணாக்கரைத் தரம்பிரிக்கும்போது கடைசியில் வைப்பது 'நெய்யரி'யை. நெய்யரி என்பது பன்னாடை, அதாவது தென்னை, பனை மட்டையின் அடியில் வலைபோல் இருக்கும் நார். நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும். நல்லதை விட்டு அல்லதைக் கொள்ளும் மாணவனுக்கு அது உவமையாயிற்று. கீழே இறங்கும் நெய்யை எடுத்துக்கொள்கிற வீட்டாருக்கு மட்டும் அதே பன்னாடை நல்ல கருவி. நம் இணைய வடிகட்டியிடம் நாம் கேட்பதும் அந்த வேலையைத்தான்: கசடு அங்கேயே நிற்க வேண்டும், நெய் பிள்ளைக்கு வந்து சேர வேண்டும்.

வீட்டில் இது நடக்கும் விதம் எளியது. ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும், அந்தப் பெயருக்குரிய எண் முகவரி என்னவென்று உங்கள் கருவி ஒரு கணினியிடம் கேட்கிறது. அந்தக் கணினிதான் டிஎன்எஸ் சர்வர். வழக்கமாக இணைய நிறுவனத்தின் சர்வரே பதில் சொல்லும். அதற்குப் பதிலாக வடிகட்டும் சர்வரின் எண்ணை, வீட்டுக்கு வைஃபை தரும் பெட்டியான ரவுட்டரில் எழுதிவிட்டால், ஆபாசத் தளம் ஒன்றின் பெயரைக் கேட்கும்போது சரியான முகவரி கிடைக்காது, பக்கம் திறக்காது. கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் 2020 ஏப்ரல் 1 அன்று இலவசமாகத் திறந்த 1.1.1.3 அத்தகையது, இணையாக 1.0.0.3 எழுதலாம். ஓப்பன்டிஎன்எஸ் தரும் ஃபேமிலிஷீல்டின் எண்கள் 208.67.222.123, 208.67.220.123. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போய் டிஎன்எஸ் என்ற இடத்தில் இரண்டு எண்களை மாற்றினால், அந்த வைஃபையில் சேரும் போன், டிவி, மடிக்கணினி அத்தனைக்கும் சேர்த்து வேலை முடிந்தது. அப்படியே ரவுட்டரின் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள். பெட்டியின் அடியில் அச்சிட்டிருக்கும் கடவுச்சொல்லைப் பிள்ளை படித்துவிட முடியும்.

துணியின் நெருக்கம் சரியாக அமைவதுதான் கடினம். 1996இல் ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் வடிகட்டி, இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் ஊர்க்காரர்களைக் கணக்குத் தொடங்க விடவில்லை. ஊர்ப்பெயரின் நடுவே ஒரு கெட்ட வார்த்தையின் எழுத்துகள் வரிசையாக வந்தன என்பதே காரணம். 1.1.1.3 தொடங்கிய அன்றும், பாலினச் சிறுபான்மையினருக்கு உதவும் நல்ல தளங்கள் சேர்ந்தே அடைபட்டன. தவறு நேர்ந்ததை நிறுவனமே வெளிப்படையாக ஒப்புக்கொண்டு திருத்தியது. உடல்வளர்ச்சி பற்றிய மருத்துவப் பக்கத்தைத் தேடும் சிறுமிக்கு இப்படிக் கதவடைத்தால் இழப்பு அவளுக்குத்தான்.

எதிர்ப்புறமும் ஓட்டை உண்டு. டிஎன்எஸ் வடிகட்டிக்குத் தெரிவது தளத்தின் பெயர் மட்டுமே. உள்ளே எந்தப் பக்கம், எந்தக் காணொளி என்று அதற்குத் தெரியாது. யூடியூபை முழுதாக விடும், அல்லது முழுதாக நிறுத்தும். அங்கே கட்டுப்பாட்டு முறையையும் (ரெஸ்ட்ரிக்டட் மோட்), கூகுளில் பாதுகாப்பான தேடலையும் தனியே இயக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் வரும் படம் இதன் கண்ணில் படவே படாது. மொபைல் டேட்டாவுக்கு மாறினாலோ இணையப் போக்கை வேறொரு சர்வர் வழியாக மறைத்து அனுப்பும் விபிஎன் போட்டாலோ வீட்டு ரவுட்டரைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம். ஆண்ட்ராய்டு 9 முதல் போனிலேயே தனிப்பட்ட டிஎன்எஸ் அமைக்க இடம் இருக்கிறது. பிள்ளையின் போனில் அந்த இடத்தில் வடிகட்டும் சர்வரின் பெயரை (அங்கே எண் செல்லாது) எழுதிவைத்தால் மொபைல் டேட்டாவிலும் வடிகட்டல் தொடரும்.

கடைசியாக, இதனோடு குழப்பிக்கொள்ளும் ஒரு சொல். 'பேரண்டல் கன்ட்ரோல்' என்ற ஒரே பெயரில் கடையில் கிடைக்கும் செயலிகள் பல, வடிகட்டுவதோடு பிள்ளை எங்கே போனான், யாருக்கு என்ன எழுதினான் என்பதையும் பெற்றோருக்கு அனுப்புகின்றன. அதற்குத் தமிழில் கண்காணிப்பு என்று பெயர். ஏழு வயதில் வடிகட்டல் போதும். பதினைந்து வயதில் கண்காணிப்பு வேண்டுமா என்பதை அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும். மறைத்துப் போட்ட செயலியை அவன் கண்டுபிடித்துவிட்டால், பிறகு இணையத்தில் யாராவது அவனை மிரட்டும்போது உங்களிடம் வரத் தயங்குவான். அப்படி மிரட்டல் வந்தால் இந்தியாவில் அழைக்க வேண்டிய எண்கள் இரண்டு: குழந்தைகள் உதவிக்கு 1098, இணையக் குற்றப் புகாருக்கு 1930.