'மனம்' ஏன் 'மரத்துக்கு' முன்னால் வருகிறது?

ஏற்காட்டில் ஒரு பள்ளி நூலகத்தைக் கவனித்துக்கொள்ளும் ஆசிரியை ஒருவர் அனுப்பிய கேள்வி இது. இவ்வளவு காலமும் அட்டைப் பெட்டியில் இருந்த நூற்பட்டியலைக் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள். (மலையில் மழைக்காலம் வந்தால் அட்டைகள் ஈரம் குடித்து உப்பிப்போகும், இழுப்பறையைத் திறக்கவே பலம் வேண்டும், போதாததற்கு ராமபாணப் பூச்சி வேறு.) தலைப்புகளையெல்லாம் தமிழிலேயே அடித்து, தெரிந்தவர் எழுதிக்கொடுத்த சின்ன நிரல் ஒன்றால் அகரவரிசைப்படுத்தி அச்செடுத்துப் பார்த்தால், 'மனம்' என்று தொடங்கும் புத்தகங்கள் 'மரம்', 'மலை', 'மழை' எல்லாவற்றுக்கும் முன்னால் போய் உட்கார்ந்திருக்கின்றன. 'மக்கள்' என்று தொடங்குபவை 'மகிழ்ச்சி'க்கும் கீழே கிடக்கின்றன. "அகராதி பார்க்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்ததுகூட இதற்குத் தெரியவில்லையே சார், பேசாமல் தலைப்புகளை ஆங்கில எழுத்திலேயே அடித்துவிடலாம் என்கிறார்கள், செய்யலாமா?"

வேண்டாம் டீச்சர். ஆங்கில எழுத்தில் அடித்தால் மனமும் மணமும் ஒன்றாகிவிடும், பல்லிக்கும் பள்ளிக்கும் வித்தியாசம் போய்விடும். நான் போயிருந்த ஒரு கல்லூரி நூலகத்தில் அப்படித்தான் செய்து வைத்திருந்தார்கள். ஒரே எழுத்தாளரின் பெயரை மூன்று பேர் மூன்று விதமாக ஆங்கிலத்தில் அடித்திருந்ததால், எடுக்க வேண்டிய புத்தகம் பட்டியலில் இல்லை, அலமாரியில் மட்டும் இருந்தது. உங்கள் பட்டியலுக்கு வந்திருப்பது தீர்க்கக்கூடிய நோய்.

புத்தகத்தைப் பொருள்வாரியாக எண் போட்டுத்தானே அடுக்குகிறோம், அகரவரிசை எதற்கு என்று சிலர் கேட்கலாம். பெரும்பாலான இடங்களில் இருக்கும் டூயி முறையில் காப்பி சாகுபடிக்கு 633.73, தமிழ் இலக்கியத்துக்கு 894.811, அதில் புனைகதைக்கு 894.8113. சேர்வராயன் மலையில் காப்பி பற்றிய புத்தகம் எவ்வளவு இருந்தாலும் ஒரு தட்டில் அடங்கிவிடும். ஆனால் சின்ன நூலகங்களில் புத்தகங்களில் பெரும்பகுதி அந்த ஒரே 894.811-க்குள் வந்து விழும், அதற்கு மேல் பிரிக்க எழுத்தைத் தவிர வேறு வழியில்லை. அதனால் எழுத்து வரிசை பிசகினால் நூலகமே பிசகியது மாதிரிதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும் என்பது பள்ளியிலேயே படித்ததுதான். யூனிகோடில் (உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுத்து வைத்திருக்கும் பொது ஏற்பாடு அது) 'க'வுக்கு 2965, 'ம'வுக்கு 2990, 'ர'வுக்கு 2992. வரிசைப்படுத்து என்று மட்டும் சொன்னால் அது இந்த எண்களைச் சின்னதிலிருந்து பெரியதாக அடுக்கிவிட்டு வேலை முடிந்தது என்கும். வகுப்பில் பிள்ளைகளைப் பெயர் வரிசையில் நிற்கச் சொன்னால் அட்மிஷன் நம்பர் வரிசையில் நிற்பதைப் போன்றது இது. இப்போது 'ன'வின் எண்ணைப் பாருங்கள், 2985. அதாவது 'ந'வுக்கு (2984) அடுத்தது, 'ப'வுக்கு (2986) முந்தையது. நம் வரிசையில் கடைசியில் நிற்க வேண்டிய எழுத்து நடுவில் நுழைந்திருக்கிறது. 'ற' 2993, அதுவும் 'ர'வை ஒட்டி. 'வ'வோ 2997, 'ல', 'ள', 'ழ' மூன்றும் போன பிறகுதான் வருகிறது.

உள்ளூர்ச் சொற்களை வைத்தே பார்க்கலாம். நம் வரிசைப்படி சேர்வராயன், சேலம், சேவல், சேறு, சேனைக்கிழங்கு. எண் வரிசைப்படி அடுக்கினால் சேனைக்கிழங்கு, சேர்வராயன், சேறு, சேலம், சேவல். ஏலக்காய்க்கும் ஏழைக்கும் பிறகு வர வேண்டிய ஏற்காடு இரண்டையும் முந்திக்கொள்ளும்.

இப்படி எண் கொடுத்தவர்கள் தமிழ் தெரியாதவர்கள் என்று சட்டென்று திட்டிவிட வேண்டாம், அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. யூனிகோடின் தமிழ்ப் பகுதி 1988-இல் வந்த இஸ்கி என்ற இந்தியக் குறியீட்டை அடியொற்றியது. இஸ்கியின் ஆசை, எல்லா இந்திய எழுத்துகளையும் ஒரே சட்டகத்தில் உட்கார வைப்பது. தேவநாகரியில் 'க' 2325. அதோடு 640-ஐக் கூட்டினால் தமிழ் 'க', 2965. இன்னும் 128-ஐக் கூட்டினால் தெலுங்கு 'க'. பெரும்பாலான எழுத்துகளுக்கு இதே கூட்டல் பொருந்தும் என்பதால் ஒரு மொழியில் எழுதியதை இன்னொரு மொழி எழுத்தில் பெயர்ப்பது சுலபமாகிறது. அந்தச் சட்டகத்துக்காகத்தான் நம் 'க'வுக்கும் 'ங'வுக்கும் (2969) நடுவில் மூன்று இடங்கள் ஆளில்லாமல் காலியாகக் கிடக்கின்றன, நம்மிடம் இல்லாத க வர்க்க எழுத்துகளுக்கான இடங்கள் அவை. 'ன'வை 'ந'வுக்குப் பக்கத்திலும் 'ற'வை 'ர'வுக்குப் பக்கத்திலும் வைத்ததும் அதே காரணத்தால்தான், ஒலியில் உறவுக்காரர்கள் பக்கத்து வீட்டில் இருக்கட்டும் என்று.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பழைய பிராமி எழுத்தைத் தமிழுக்கு எடுத்தாண்டபோது அதில் இல்லாத ழ, ள, ற, ன என்ற நான்குக்கும் தனி வடிவங்கள் உண்டாக்கிச் சேர்த்தார்கள். நம் நெடுங்கணக்கிலும் அந்த நான்கும்தான் கடைசியில் நிற்கின்றன. எழுத்துகள் அகரம் முதல் னகரம் ஈறாக முப்பது என்று தொல்காப்பியம் சொல்வதும் இதே வரிசையைத்தான். அந்த நான்கையும் கடைசியிலிருந்து பிடுங்கி நடுவில் நட்டதுதான் இருபதாம் நூற்றாண்டின் சாதனை!

'ன' கதை இவ்வளவுதான். எனக்கு நிஜமாகவே பிடித்தது 'மக்கள்' கதை.

யூனிகோடில் 'க்' என்பது ஓர் எழுத்து இல்லை. 'க' என்ற எண்ணும் அதன் பின்னால் புள்ளி என்ற எண்ணும் (3021) சேர்ந்தது. உயிர்க்குறிகளான கால், கொம்பு, சுழி எல்லாம் 3006-இலிருந்து 3020-க்குள் அடங்குகின்றன, புள்ளி அவற்றையெல்லாம் தாண்டி. ஆக எண் வரிசையில் முதலில் மகன், பிறகு மகாராணி, மகிழ்ச்சி, எல்லோரும் போன பிறகு கடைசியில் மக்கள். அகராதியிலோ புள்ளி எழுத்துக்குத்தான் முதல் மரியாதை, க் வந்த பிறகுதான் க, கா, கி. 'மக்கள்' முன்னால் வர வேண்டும்.

இதைச் சரிசெய்யச் சொல்லை எண்களாகப் பார்ப்பதை விட்டுவிட்டு, நாம் எண்ணுகிற மாதிரி எழுத்துகளாக வெட்ட வேண்டும். மக்கள் என்றால் ம, க், க, ள் என்று நான்கு. அப்புறம் ஒவ்வோர் எழுத்துக்கும் நாமே ஓர் இட எண் கொடுப்போம். உயிர் 12-க்கு 1 முதல் 12 வரை. ஆய்தத்துக்கு 13. அதன் பிறகு க் 14, க 15, கா 16 என்று போய் கௌ 26. அடுத்து ங் 27. ஒவ்வொரு மெய்க்கும் புள்ளி வைத்தது ஒன்று, உயிரேறியது பன்னிரண்டு, ஆக 13. பதினெட்டு மெய்க்கும் போட்டுக்கொண்டே போனால் கடைசி எழுத்தான னௌ எந்த எண்ணில் விழுகிறது தெரியுமா? சரியாக 247.

247 என்றால் 12-உம் 18-உம் 216-உம் 1-உம் என்று வாய்ப்பாடாக ஒப்பித்திருக்கிறோம். ஆனால் 247 என்பது 19-ஐ 13-ஆல் பெருக்கியது என்று யாரும் சொல்லித்தரவில்லை. பத்தொன்பது வரிசை, வரிசைக்குப் பதின்மூன்று கட்டம், ஒரு கட்டம்கூடக் காலியில்லை, ஒன்றுகூட வெளியே தொங்கவில்லை. எதிலும் சேராத ஒற்றைப் பிள்ளை என்று நாம் நினைக்கும் ஆய்தம் உயிர் வரிசையின் பதின்மூன்றாவது கட்டத்தை நிரப்பிக்கொண்டு கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு தாளை எடுத்துக் கட்டம் போட்டுப் பாருங்கள், பிள்ளைகளோடு சேர்ந்து போட்டால் இன்னும் நல்லது. எந்த எழுத்தின் இடமும் மனக்கணக்காக வந்துவிடும். 'ம' பத்தாவது மெய், அதற்கு முன்னால் உயிர் வரிசையும் ஒன்பது மெய் வரிசையும் போயாயிற்று, பத்துப் பதின்மூன்று 130, ம் 131, ம 132.

இனி சொற்களை அடுக்குவது வெறும் எண் ஒப்பீடு. மக்கள்: 132, 14, 15, 209. மகன்: 132, 15, 235. முதல் எண் சமம், இரண்டாவதில் 14-ஐ விட 15 பெரியது, ஆகவே மக்கள் முன்னால். மூன்றாவது எண்ணைப் பார்க்க வேண்டிய தேவையே வரவில்லை. மரம், மனம் சண்டையும் இதே மாதிரி தீர்ந்துவிடும், 'ர' 158, 'ன' 236. ஜ, ஸ, ஹ போன்றவற்றுக்கு 247-க்கு மேல் எண் கொடுத்து ஓரமாக நிற்க வைத்தால் போதும்.

இதை நீங்கள் எழுத வேண்டியதில்லை, எழுதியே வைத்திருக்கிறார்கள். யூனிகோடு அமைப்பு வகுத்த வரிசைப்படுத்தும் வழிமுறை இதே கருத்துதான்: எழுத்தின் குறியீட்டு எண்ணைப் பார்க்காதே, தனியாக ஓர் எடை அட்டவணை இருக்கிறது, அதைப் பார் என்பது. மொழிவாரியான விதிகளும் அதோடு உண்டு, தமிழுக்கும் உண்டு. லிப்ரே ஆபீசில் வரிசைப்படுத்தும் பெட்டியிலேயே மொழியைத் தமிழ் என்று தேர்ந்தெடுக்க இடம் இருக்கிறது. நூலகங்களுக்கான இலவச மென்பொருள் கோஹாவை (நியூசிலாந்தில் ஒரு நூலகத்துக்காகச் செய்தது, 2000-ஆம் ஆண்டிலிருந்து ஓடுகிறது) நிறுவுவதாக இருந்தால், தமிழ்ப் புத்தகங்கள் இருக்கின்றன, ஐசியு (இந்த யூனிகோடு வரிசை விதிகளைப் பின்பற்றும் நிரல் தொகுப்பு) முறையில் அட்டவணைப்படுத்துங்கள் என்று நிறுவுபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பின்னால் சொன்னால் எல்லாவற்றையும் மறுபடி அட்டவணைப்படுத்த வேண்டும். எதைப் பயன்படுத்தினாலும் மக்கள், மகன், மரம், மனம் என்று நான்கு சொல்லை அடித்து வரிசைப்படுத்திப் பாருங்கள், இந்த வரிசையில் வராவிட்டால் அந்த மென்பொருளை நம்ப வேண்டாம்.

இவ்வளவு நாளாகத் தீர்வு இருந்தும் ஏன் இந்தத் தொல்லை என்று கேட்டால், தமிழ்க் கணிமைக்கு மேடையும் மலரும் போட ஆகும் செலவில் ஒரு பங்கு, சோதித்துப் பார்க்கிற ஆளுக்குப் போவதில்லை என்பதுதான் என் பதில். சொத்து வரியோடு நாம் எல்லோரும் நூலக வரியும் கட்டுகிறோம். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த சீர்காழிக்காரர் ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. 'மக்கள்' எங்கே என்று கீழ்வரை தேட வைக்கிற பட்டியல் அந்த விதிக்கு நேர் எதிர். அவர் கணக்கு வாத்தியாராக இருந்தவர் என்பதால் அந்த 19 பெருக்கல் 13 அவருக்குப் பிடித்திருக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

டீச்சரின் இன்னொரு கேள்வி: சேர்வராயன், சேர்வராயர், ஷெவராய் என்று ஒரே மலைக்கு அட்டைகளில் மூன்று எழுத்துக்கூட்டல், அஸ்தம்பட்டியும் ஹஸ்தம்பட்டியும் அப்படித்தான், எதை வைப்பது? எதையாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதன் கீழ் எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள், மற்றவற்றில் 'காண்க: சேர்வராயன் மலை' என்று மட்டும் போடுங்கள். எது சரி என்று சண்டை போட வேண்டாம், எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதுதான் முக்கியம். புத்தக அட்டையில் அச்சாகியிருப்பதை மட்டும் மாற்றாமல் தலைப்பில் அப்படியே வையுங்கள். எழுத்தாளர் பெயர்களுக்கும் இதே வழிதான். எண்கணித ஜோசியர் சொன்னார் என்று நடுவயதில் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த எழுத்தால் யோகம் வந்ததாக எந்தச் சான்றும் கிடையாது, ஆனால் பட்டியலில் அவர் இரண்டு ஆளாகிவிடுவது நிச்சயம், பாதிப் புத்தகம் ஒரு பெயரில், மீதி இன்னொன்றில். அவருக்கும் ஒரு 'காண்க' போட வேண்டியதுதான்.

கடைசியாக, கண்ணுக்குத் தெரியாத ஒரு பிழை. 'ஔவையார்' என்று தேடி ஒன்றும் வரவில்லை என்றால் பயப்படாதீர்கள், அடித்தவர் 'ஔ'வை ஒரே எழுத்தாக அடிக்காமல் 'ஒ'வையும் 'ள'வையும் சேர்த்து அடித்திருப்பார். திரையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. 'ஒள' என்று தேடிப் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். ஒரே சொடுக்கில் எல்லாவற்றையும் மாற்றலாமே என்று தோன்றும், செய்துவிடாதீர்கள், 'ஒளி' என்று தொடங்கும் புத்தகம் எல்லாம் உடைந்துபோகும்.