என்.ஜி.ஓ. எல்லாம் தொண்டு நிறுவனம் அல்ல

கோத்தகிரி, கூடலூர் பக்கம் ஓர் ஊருக்குள் ஜீப் வந்து நின்று, கையில் நோட்டோடு நாலு பேர் இறங்கினால் "எந்த என்.ஜி.ஓ.ங்க நீங்க?" என்று கேட்டுவிடுவார்கள். தேனீ வளர்க்கப் பயிற்சி தருபவர், கண் பரிசோதனை முகாம் நடத்துபவர், நிலத்தை விட்டு யாரை யார் விரட்டினார்கள் என்று விசாரிக்க வந்தவர், எல்லாருக்கும் அந்த மூன்றெழுத்துதான். தமிழில் எழுதும்போதும் எல்லாரையும் 'தொண்டு நிறுவனம்' என்று ஒரே கணக்கில் சேர்த்துவிடுகிறோம். மூன்றாமவருக்கு அந்தப் பெயர் பொருந்தாது என்பது என் கட்சி.

முதலில் அந்த மூன்றெழுத்தைப் பார்ப்போம். தமிழ்நாட்டு அரசு ஊழியர் குடும்பங்களில் என்.ஜி.ஓ. என்றால் கெஜட்டட் (நியமனம் அரசிதழில் வெளியாகும்) பதவியில் இல்லாத அலுவலர். நாகர்கோவில், நெல்லை என்.ஜி.ஓ. காலனிகள் அவர்கள் பெயரில் எழுந்தவை. ஊட்டியிலிருந்து கோவைக்கு இறங்கும்போது துடியலூர் பக்கம் வரும் என்.ஜி.ஜி.ஓ. காலனியும் அந்த வகைதான். ஆக, அரசுச் சம்பளம் வாங்குபவரும் என்.ஜி.ஓ., அரசோடு ஒட்டாதவரும் என்.ஜி.ஓ. வேடிக்கைதான்.

இரண்டாவது பொருள் பரவியது 1945-இல் கையெழுத்தான ஐ.நா. சாசனத்தால். பொருளாதார சமூக மன்றம் அரசுசாரா அமைப்புகளோடு கலந்தாலோசிக்க ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்கிறது அதன் 71-ஆம் பிரிவு. அமைப்புகள் அதற்கு வெகுகாலம் முன்பே உண்டு. அடிமை முறையை ஒழிக்க 1839-இல் லண்டனில் தொடங்கிய சங்கம் இன்றும் இயங்குகிறது. ஆனால் ஐ.நா. என்பது அரசுகள் கூடும் சபை. அரசு அல்லாத யாரைக் கூப்பிட்டாலும் 'அரசு அல்லாதவர்' என்றுதான் கூப்பிட அதற்குத் தெரிந்தது.

இதை இலங்கைத் தமிழர்கள் 'அரச சார்பற்ற நிறுவனம்' என்பார்கள். இங்கே 'அரசுசாரா அமைப்பு' என்று வழங்குகிறது. எனக்கு இது மூலத்தைவிட ஒரு படி மேலாகவே படுகிறது. சார்தல் என்றால் ஒட்டுதல், ஒன்றைப் பற்றி நிற்றல். "சார்புணர்ந்து சார்பு கெடஒழுகின்" என்று வள்ளுவர் புழங்கிய சொல் அது. அரசு அல்லாதது என்றால் டீ எஸ்டேட் கம்பெனியும் அரசு அல்லாததுதானே? அரசைச் சாராமல் நிற்பது என்றால் அதில் ஒரு நிபந்தனை இருக்கிறது.

அந்த நிபந்தனையை ஓர் அமைப்பு எப்படிக் காப்பாற்றுகிறது என்பதற்கு ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் என்ற மனித உரிமை அமைப்பு நல்ல உதாரணம். 1961 மே மாதம் பீட்டர் பெனன்சன் என்ற லண்டன் வழக்கறிஞர், கருத்துக்காகச் சிறையில் கிடந்து மறக்கப்பட்டவர்களைப் பற்றிப் பத்திரிகையில் எழுதியதிலிருந்து பிறந்தது அது. பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம். ஒவ்வோர் உள்ளூர்க் குழுவும் மூன்று கைதிகளுக்காகக் கடிதம் எழுத வேண்டும்: மேற்கு நாட்டுக் கைதி ஒருவர், கம்யூனிஸ்ட் நாட்டுக் கைதி ஒருவர், மூன்றாம் உலகக் கைதி ஒருவர். எந்த முகாமின் ஆளாகவும் ஆகிவிடக்கூடாது என்பதுதான் கணக்கு. ஆய்வுக்கும் பிரசாரத்துக்கும் அரசுகளிடம் பணம் வாங்குவதில்லை என்பதும் அதன் விதி. வன்முறையை ஆதரிக்காதவரையே 'மனச்சாட்சிக் கைதி' என்று ஏற்பார்கள். அதனால் நெல்சன் மண்டேலாவுக்கு முதலில் தந்த அந்தப் பெயரையே, அவர் ஆயுதப் போராட்டத்தை ஆதரித்ததும் விலக்கிக்கொண்டார்கள். சரியா தவறா என்று இன்றும் வாதிடலாம், ஆனால் எழுதிவைத்த விதியை ஆளுக்காக வளைக்கவில்லை.

அந்த அமைப்பைத் தமிழில் 'மன்னிப்புச் சபை' என்கிறோம். பாதிதான் சரி. ஆம்னெஸ்டி என்பதற்கு வேர் மறதி என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல். அரசு ஒரு குற்றத்தை மறந்து விடுவிப்பதைத்தான் பொதுமன்னிப்பு என்கிறோம். குற்றமே செய்யாதவரை எதற்காக மன்னிப்பது? அப்புறம், சபை என்றதும் சர்ச் என்று நினைப்பவர்களும் உண்டு. பெயரை 'ஆம்னெஸ்டி' என்றே விடுவது மேல்.

இப்போது தொண்டு. பழைய நூல்களில் இது ஒன்பது என்ற எண்ணுக்கும் பெயர், அதை விடுங்கள். தொண்டு என்றால் அடிமை வேலை, பணிவிடை. சிவனுக்கு அடிமை பூண்டவர்களைத் திருத்தொண்டர் என்றது பக்தி மரபு. பிறகு அதுவே பிரதிபலன் பாராத சேவை ஆயிற்று. நல்ல சொல்தான். ஆனால் தொண்டில் கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் ஒருவர். கொடுப்பவர் நாளைக்கு நிறுத்தினால் ஏன் என்று கேட்க முடியாது. மழைக்குத் தார்ப்பாய் கொடுத்தால் தொண்டு. வீட்டுமனைப் பட்டா ஏன் இத்தனை வருஷமாக வரவில்லை என்று ஆவணத்தோடு கேட்டால் அது வேறு வேலை. கூடலூரில் 1980-களில் தொடங்கிய அக்கார்டு போன்ற அமைப்புகள், ஆதிவாசிகள் தாங்களே சங்கமாகத் திரண்டு நிலம் கேட்க உதவியதைத் தொண்டு என்று எழுதினால் பாதி விஷயம் விட்டுப்போகும்.

அங்கேதான் 'உரிமை' வருகிறது. உரியது, உரியவர் என்ற குடும்பத்துச் சொல். நம் பேச்சில் உரிமை எப்போதும் உறவை ஒட்டியே வரும். தாய்மாமனுக்கு உரிமை, முறைப்பெண்ணுக்கு உரிமை, "உரிமையோட கேட்கிறேன்" என்றால் நெருங்கியவன் கேட்கிறேன் என்று பொருள். இதற்கு இன்னொரு பழஞ்சொல் கிழமை. 'மனித உரிமை' இந்தப் பழக்கத்தை உடைக்கிறது: உறவு வேண்டாம், ஊர் வேண்டாம், சாதி வேண்டாம், மனிதராக இருந்தால் போதும். தனித்தமிழ் விரும்புவோர் 'மாந்த உரிமை' என்பர். மாந்தர் குறளிலேயே உள்ள சொல், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை கொடுக்கும் மனுவில் 'மனித உரிமை' என்று எழுதினால்தான் உடனே புரியும். அந்த மனுக்கள் பெரும்பாலும் "ஐயா அவர்கள் கருணை கூர்ந்து" என்று முடிவதுதான் எனக்கு உறுத்தல். உரிமையைக் கேட்க யாருடைய கருணையும் வேண்டாமே.

குடியுரிமைக்கும் மனித உரிமைக்கும் உள்ள வேறுபாட்டை நீலகிரிக்காரருக்குப் புத்தகம் சொல்லித்தர வேண்டியதில்லை. 1948 டிசம்பர் 10 அன்று ஐ.நா. ஏற்ற உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தின் 15-ஆம் பிரிவு, ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டின் குடியுரிமை உண்டு என்கிறது. அதே 1948-இல்தான் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு பிரித்தது. அப்படி வந்தவர்களுக்கு வேலை தர 1968-இல் தொடங்கியதுதான் அரசுத் தேயிலைத் தோட்டமான டான்டீ. குடியுரிமையை ஒரு சட்டம் கொடுக்கும், இன்னொரு சட்டம் பறிக்கும். அந்தக் காகிதம் கையில் இல்லாத இடைக்காலத்திலும் அந்த மனிதருக்கு மிச்சமிருப்பதன் பெயர் மனித உரிமை. பிரகடனம் அதை வழங்குவதாகச் சொல்லவில்லை, ஏற்கெனவே இருப்பதை ஏற்பதாகச் சொல்கிறது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் தொனியும் அதுவே. காட்டில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்களுக்கு இழைத்த வரலாற்று அநீதி என்று அதன் முகவுரையே ஒத்துக்கொள்கிறது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் எல்லாரும் அதில் கேட்பது புதிய சலுகை அல்ல.

பிரகடனத்தின் முதல் பிரிவில் 'எல்லா ஆண்களும்' என்று படிக்க இடம்தந்த வாசகத்தை 'எல்லா மனிதர்களும்' என்று மாற்றவைத்தவர் இந்தியாவின் ஹன்சா மேத்தா. தமிழில் 'மனிதர்' என்றால் இருபாலும் அடங்கிவிடுவதால் மொழிபெயர்ப்பில் இந்தச் சண்டை தெரியாது.

ஒரு குழப்பம் பாக்கி. மனித உரிமை 'அமைப்பு' வேறு, மனித உரிமை 'ஆணையம்' வேறு. 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு அமைத்தது ஆணையம். தமிழ்நாட்டு ஆணையம் 1997 முதல் சென்னையில் இருக்கிறது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் போன்றவை அமைப்புகள். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல், ஜெயப்பிரகாஷ் நாராயண் முயற்சியில் உருவானது அது. அமைப்பு உண்மை அறியும் குழு அனுப்பும், அறிக்கை போடும், வழக்குத் தொடுக்கும். யாரையும் கூப்பிட்டு மிரட்ட அதற்கு அதிகாரம் கிடையாது. காரில் 'மனித உரிமை' என்று பெரிதாக போர்டு மாட்டிக்கொண்டு வந்து அடையாள அட்டை விற்பவர் இரண்டிலும் சேர மாட்டார். ஆணையத்துக்கு நீங்களே எழுதலாம், கட்டணம் இல்லை. சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.