குளிர்காலத்தில் வீட்டின் வெப்பம் எந்த வழியாகப் போகிறது?

வெளியே 5 டிகிரி செல்சியஸ், உள்ளே 20 டிகிரி என்ற நிலையில் ஒரு வீடு இரவு முழுவதும் மாறாமல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்நேரத்தில் ஹீட்டர் வீட்டைச் சூடாக்கிக்கொண்டிருப்பதாகவே நாம் நினைக்கிறோம். உண்மையில், சுவர், கூரை, ஜன்னல், கதவிடுக்கு ஆகியவற்றின் வழியே எவ்வளவு வெப்பம் வெளியேறுகிறதோ அவ்வளவையே அது திரும்ப உள்ளே கொட்டுகிறது. ஓட்டைப் பானையில் நீர்மட்டம் குறையாமல் ஊற்றிக்கொண்டே இருப்பதைப் போன்ற வேலை அது; மாதக் கடைசியில் வரும் கட்டணம் முழுவதும் அந்த ஓட்டையின் கணக்குதான்.

வெப்பம் வெளியேறும் வேகம், உள்ளுக்கும் வெளிக்கும் இடையிலுள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. 1701-ஆம் ஆண்டில் ஐசக் நியூட்டன் வெளியிட்ட குளிர்தல் விதியின் சாரம் இதுவே. மேற்சொன்ன வீட்டில் வேறுபாடு 15 டிகிரி; உள்ளே 19 டிகிரி போதும் என்று முடிவு செய்தால் அது 14 ஆகிவிடும், இழப்பிலும் பதினைந்தில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 7 சதவீதம், பைசா செலவில்லாமல் குறைந்துவிடும். ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. குளிர்ப் பகுதிகளில் வீட்டுக்குள் 18 டிகிரியாவது இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். முதியவர்களோ கைக்குழந்தைகளோ இருக்கும் வீட்டுக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படலாம்.

குறைந்த செலவில் அடைக்கக்கூடியது காற்றுக் கசிவு. காற்று வீசும் நாளில் எரியும் ஊதுபத்தி ஒன்றைத் திரைச்சீலையில் படாமல் ஜன்னல் சட்டத்தின் ஓரமாக மெல்ல நகர்த்திப் பார்க்கலாம். நேராக எழும் புகை ஓரிடத்தில் சட்டென்று அறைப்பக்கம் சாய்ந்தால் அங்கே காற்று நுழைகிறது. இடுக்கை நோக்கி இழுபட்டால் அங்கே வெளியேறுகிறது. மாடி வீடுகளில் இந்த இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. சூடான காற்று மேலேறிக் கூரையருகே உள்ள இடுக்குகளால் வெளியேற, அதன் இடத்தை நிரப்பக் கீழ்த்தளத்துக் கதவின் அடியில் குளிர்காற்று நுழைகிறது. ஆகவே காலைச் சில்லிட வைக்கும் காற்றுக்கான காரணம் பல வேளைகளில் தலைக்கு மேலே இருக்கும். 60 கன மீட்டர் கொள்ளளவுள்ள அறையின் காற்று மணிக்கு ஒருமுறை முழுதாக மாறுகிறது என்றால், 15 டிகிரி வேறுபாட்டில் அதை மீண்டும் சூடாக்க மணிக்கு 0.3 யூனிட், ஒரு நாளைக்கு 7 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். சட்டத்தைச் சுற்றி ஒட்டும் நுரைப்பட்டையும் கதவடியில் பொருத்தும் ரப்பர் பட்டையும் இதில் பெரும்பகுதியை நிறுத்திவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். விறகு, கரி, எரிவாயு, மண்ணெண்ணெய் ஆகியவற்றை எரிக்கும் அடுப்போ ஹீட்டரோ உள்ள அறையில் அதற்கென விடப்பட்ட காற்றுத் துளைகளை ஒருபோதும் அடைக்கக் கூடாது. ஆக்சிஜன் போதாமல் எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமோ நிறமோ கிடையாது. உறங்குபவர் அதை உணர்வதற்கு வழியே இல்லை என்பதால், அத்தகைய வீட்டில் அந்த வாயுவைக் கண்டறிந்து ஒலிக்கும் கருவி கட்டாயம் இருக்க வேண்டும்.

அடுத்தது வெப்பக் காப்பு. அசையாத காற்று கண்ணாடியைவிட ஏறத்தாழ 40 மடங்கு மந்தமாக வெப்பத்தைக் கடத்தும். கம்பளியும் கூரைக்கடியில் விரிக்கும் கண்ணாடி இழைப் பஞ்சும் காற்றைச் சிறு சிறு அறைகளில் சிறைப்பிடித்து வைப்பதாலேயே பயன்படுகின்றன. பஞ்சை அழுத்தித் திணித்தாலோ ஈரமாக விட்டாலோ அந்தப் பயன் பெருமளவு போய்விடும்.

ஜன்னலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஒற்றைக் கண்ணாடியின் ஒவ்வொரு சதுர மீட்டரும், ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு 5 முதல் 6 வாட் வரை இழக்கிறது. இரு கண்ணாடிகளுக்கு இடையே வாயு அடைத்து, வெப்பக் கதிர்களைத் திருப்பியனுப்பும் மெல்லிய உலோகப் பூச்சும் கொடுத்தால் அது 1.5 வாட்டுக்கும் கீழே இறங்கக்கூடும். நம் எடுத்துக்காட்டு வீட்டில் ஒற்றைக் கண்ணாடியின் உட்புறம் 9 டிகிரி அளவிலேயே இருக்கும். அறைக் காற்றில் ஈரப்பதம் 60 சதவீதமானால், அந்தக் காற்று 12 டிகிரியிலேயே பனிக்கத் தொடங்கும். காலையில் கண்ணாடியில் வழியும் நீர்த்துளிகள் வந்த வழி இதுதான். அந்த ஜன்னலருகே உட்காருபவர், அறை 20 டிகிரியாக இருந்தும் குளிர்கிறது என்பார். அவர் சொல்வது சரியே, ஏனெனில் அவருடைய உடல் கண்ணாடியை நோக்கிக் கதிர்வீச்சாக வெப்பத்தை இழக்கிறது. தரைவரை தொங்கும் தடித்த திரைச்சீலை இரவில் இதைக் கணிசமாகக் குறைக்கும். பொருத்தப்பட்டிருப்பது பூச்சுள்ள இரட்டைக் கண்ணாடியா என்று ஐயமிருந்தால், இருட்டில் ஒரு சிறு சுடரை அதன் முன் பிடித்துப் பாருங்கள்: நான்கு பிம்பங்கள் தெரியும், பூச்சு இருந்தால் அவற்றில் ஒன்று வேறு நிறத்தில் இருக்கும்.

ஈரத்தை வெளியேற்ற நாள் முழுவதும் ஜன்னலைச் சிறிதளவு திறந்து வைப்பது வீண். ஐந்து, பத்து நிமிடம் முழுதாகத் திறந்து மூடினால் காற்று மட்டும் மாறும். வீட்டின் வெப்பத்தில் பெரும்பங்கைச் சேமித்து வைத்திருக்கும் சுவர்களும் தளமும் அதற்குள் குளிர்ந்துவிடுவதில்லை.

இனி ஹீட்டர். மின்சாரத்தை நேரடியாக வெப்பமாக்கும் எந்தக் கருவியும், விலை எதுவானாலும், ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் வெப்பமே தரும். பாதி மின்சாரத்தில் அதே வெப்பம் என்ற விளம்பரத்தை நம்ப வேண்டியதில்லை. வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை உள்ளே இறைக்கும் வெப்ப பம்பு மட்டும் ஒரு யூனிட்டுக்கு மூன்று யூனிட் அளவில் தரக்கூடும். ஆள் இல்லாத வேளையில் ஹீட்டரை அணைத்து மீண்டும் சூடாக்குவதைவிட எரியவிடுவதே சிக்கனம் என்று பலர் சொல்வார்கள். குளிர்ந்த வீடு குறைவாகவே இழக்கும் என்பதால் அது சாதாரண ஹீட்டருக்குப் பொருந்தாது. வெப்ப பம்பில் மட்டும் கணக்கு சற்று மாறும்: குழாய்களில் வெந்நீரை ஓடவிட்டு அறைகளைச் சூடாக்கும் வகையானால், ஆறிப்போன வீட்டை விரைவாகச் சூடாக்க அது அதிக வெப்பநிலையில் நீரை அனுப்ப வேண்டியிருக்கும், அப்போது அதன் திறன் விழும். ஆகையால் அங்கே இரவில் ஓரிரு டிகிரி மட்டும் குறைத்து வைத்தால் போதும்.