உங்கள் ஊர் சுகாதாரக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள்?

உங்கள் ஊராட்சிக்கு என்று ஒரு சுகாதாரக் குழு உண்டு. முழுப் பெயர் கிராம சுகாதாரம், துப்புரவு, ஊட்டச்சத்துக் குழு. பெயர்ப்பலகையும் கிடையாது, தனி அலுவலகமும் கிடையாது, அதனால் அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. 2005 ஏப்ரலில் தேசிய ஊரக சுகாதார இயக்கம் தொடங்கியபோது, ஒரு கிராமத்துக்கு என்ன மருத்துவத் தேவை என்பதை டெல்லியிலும் சென்னையிலும் உட்கார்ந்து முடிவு செய்யாமல் ஊர்க்காரர்களே எழுதிக் கொடுக்கட்டும் என்று செய்த ஏற்பாடு இது.

மத்திய அரசின் 2013 வழிகாட்டுதல்படி குறைந்தது 15 பேர் இருக்க வேண்டும், அதில் பாதிப் பேராவது பெண்கள். வார்டு உறுப்பினர்கள், அங்கன்வாடி பணியாளர், மகளிர் சுயஉதவிக் குழுவினர், அரசு மருத்துவ சேவையைப் பயன்படுத்துகிற சாதாரண ஆட்கள் எல்லாரும் இதில் வருவார்கள். காலனி, குக்கிராமம், மலைக் குடியிருப்பு என்று எந்தப் பகுதியும் விடுபடக் கூடாது. பிற மாநிலங்கள் பலவற்றில் ஆஷா எனப்படும் கிராம சுகாதாரத் தன்னார்வலர் செய்கிற செயலாளர் வேலையைத் தமிழ்நாட்டில் பெரும்பாலும் கிராம சுகாதார செவிலியர், அதாவது நம் ஊர் நர்ஸம்மா, பார்க்கிறார். மாதம் ஒருமுறை கூட்டம் போட வேண்டும் என்பது விதி. எத்தனை ஊரில் நடக்கிறது என்று கேட்காதீர்கள்.

சரி, பணம்? ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை, எதற்கு என்று முன்கூட்டியே கட்டிப்போடாத நிதி. அதை எப்படிச் செலவு செய்வது என்று குழுதான் கூடி முடிவெடுக்க வேண்டும். ஊருக்குப் பொதுவான காரியமாக இருக்க வேண்டும், ஒரே வீட்டுக்குச் செலவழிக்கக் கூடாது, ஆதரவற்ற பெண், மிக ஏழைக் குடும்பம் என்றால் மட்டும் விலக்கு. முந்தைய பணத்தைச் செலவு செய்து கணக்கு கொடுத்தால்தான் அடுத்தது நிரப்பப்படும் என்பதால், ஆண்டு முடிகிற நேரத்தில் அவசர அவசரமாக ப்ளீச்சிங் பவுடர் வாங்கி ரசீது வைத்துவிடுகிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. ப்ளீச்சிங் பவுடர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதே ஊர் அங்கன்வாடியில் கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கிற நாளில், மறைப்புக்கு ஒரு திரை இல்லாமல், படுக்க ஒரு மேசை இல்லாமல், வயிற்றைத் தொட்டுப் பார்க்காமலேயே எடையும் ரத்த அழுத்தமும் மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். துணித்திரை என்ன விலை வந்துவிடப் போகிறது? இந்த மாதிரி விஷயம் அங்கே போய் வருகிற பெண்களுக்குத்தான் தெரியும், குழுவில் பாதி இடம் அவர்களுக்கு வைத்திருப்பதே அதற்காகத்தான்.

என்னைக் கேட்டால், இந்தப் பத்தாயிரத்தைவிட குழுவின் தீர்மானப் புத்தகம்தான் பெரிது. ஊருக்கான சுகாதாரத் திட்டத்தை எழுதுவதும், ஊரில் நடந்த ஒவ்வொரு பிறப்பு இறப்பையும் பதிவதும், தாயோ குழந்தையோ இறந்திருந்தால் எங்கே தாமதம் ஆனது என்று உட்கார்ந்து பேசுவதும் இந்தக் குழுவின் வேலை. ஆனால் பல ஊர்களில் "மருத்துவ வசதியை மேம்படுத்த வேண்டும்" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். அதை வைத்து எந்த அதிகாரியையும் ஒன்றும் கேட்க முடியாது. "துணை சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தக் கருவி மூன்று மாதமாகப் பழுது, மேலத்தெருவுக்கு இரண்டு மாதமாக சர்க்கரை மாத்திரை வரவில்லை, அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் பதில் வேண்டும்" என்று எழுதிப் பாருங்கள், யாராவது ஒருவர் பதில் சொல்லியே ஆக வேண்டியிருக்கும்.

இது நடக்காத காரியமும் இல்லை. 2007ஆம் ஆண்டு வாக்கில் தமிழ்நாடு உட்பட 9 மாநிலங்களில் மக்கள் கண்காணிப்பு என்ற பெயரில் ஒரு முன்னோட்டம் நடத்தினார்கள். தடுப்பூசி, பிரசவ கவனிப்பு என்று ஒவ்வொரு சேவையைப் பற்றியும் ஊர்க்காரர்களிடம் கேட்டு, நன்றாக இருந்தால் பச்சை, சுமார் என்றால் மஞ்சள், மோசம் என்றால் சிவப்பு என்று ஓர் அட்டை போட்டார்கள். படிக்கத் தெரியாத பாட்டிக்கும் புரியும். அப்புறம் அந்த அட்டையை வைத்துக்கொண்டு மருத்துவத் துறையினரோடு நேருக்கு நேர் பேசினார்கள். இன்றைக்கும் அரசு உத்தரவு எதுவும் இல்லாமலேயே ஒரு சார்ட் பேப்பரில் இதைச் செய்யலாம்.

குழுவில் நீங்கள் இல்லையா? கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை நடக்கிறது. குழுவின் உறுப்பினர் பட்டியலையும் செலவுக் கணக்கையும் அங்கே வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். சிலர் தாங்கள் உறுப்பினர் என்பதையே அப்போதுதான் தெரிந்துகொள்வார்கள்! தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்பில் இருக்கிற ஊராட்சி என்றால் அவரிடம் கேளுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தனியாக நோயாளர் நலச் சங்கம் உண்டு. தேசிய அளவிலான வழிகாட்டுதலில் அதற்குச் சொல்லியிருக்கிற நிதி ஆண்டுக்கு 1.75 லட்சம் வரை. அந்த நிலையத்தில் குடிநீர், கழிப்பறை, உட்கார பெஞ்ச் போன்ற குறைகளை அங்கேதான் கொண்டுபோக வேண்டும், கிராமக் குழுவின் பத்தாயிரத்தில் கை வைக்கத் தேவையில்லை.

வாயால் கேட்டு யாரும் பதில் சொல்லவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒரு வெள்ளைத்தாளில், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, கடந்த மூன்று ஆண்டுகளின் உறுப்பினர் பட்டியல், கூட்டத் தீர்மானங்கள், வந்த தொகை, அது எப்படிச் செலவானது என்று காட்டுகிற பயன்பாட்டுச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களை வட்டார மருத்துவ அலுவலகத்திலோ மாவட்ட சுகாதார அலுவலகத்திலோ கேளுங்கள். அலுவலகம் மாறிப்போனாலும் பரவாயில்லை, அவர்களே 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். பதிலுக்குக் கெடு 30 நாள். பதில் வரவில்லை என்றால் மேல்முறையீடு செய்யலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.